தக்காளியும் தொட்டாற்சிணுங்கியும்: ஆங்கிலத் தாவரத் தொடர்களும் சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறையும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ என்னும் ஊர்ப்பெயர்க்கு இருவேறு விளக்கங்கள் வழங்குகின்றன. ஹொக்கியன் மொழியில் 'ஆங் மோ' என்பது செம்மயிர். அது வெள்ளையரைச் சுட்டும் வழக்காகவும் நிலைத்துவிட்டது. 'கியோ' என்னும் ஒலி பாலத்தையும் குறிக்கும், கத்தரியையும் குறிக்கும். பாலம் என்று கொள்வோர், அரசாங்க நில அளவையாளராயிருந்த ஜான் டர்ன்புல் தாம்சனின் பெயரோடு ஊரை இணைப்பர். கத்தரி என்று கொள்வோர்க்கு ஊர்ப்பெயர் 'வெள்ளைக்காரன் கத்தரிக்காய்' ஆகிறது, அதாவது தக்காளி. ஹொக்கியனில் தக்காளிக்கு அதுவே பெயர். ரப்பர்த் தோட்டங்கள் இருந்த அப்பகுதி 1970களில் அடுக்குமாடி நகராக எழுந்தது. இன்று ஊர்ப்பெயரை எழுதும் சீன எழுத்துகள் மூன்றும் முறையே பெருமை, தழைப்பு, பாலம் எனப் பொருள்படுவன. கத்தரி வெளியேறிவிட்டது. ஆயினும் 'தழைப்பு' என்னும் எழுத்தின் தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பு ஒன்று இருந்துகொண்டிருப்பது சுவையான செய்தி.

இரண்டனுள் எது சரி என்பதை வரலாற்றறிஞர்க்கு விட்டுவிடலாம். இக்கட்டுரைக்கு வேண்டுவது இரண்டாம் விளக்கத்தில் தெரியும் பெயரீட்டு முறையே. கடல் கடந்து வந்த கனி ஒன்றுக்கு ஹொக்கியன் பேசுவோர் புதுப்பெயர் தேடவில்லை. தம் வீட்டுக் கத்தரியை எடுத்து அதன் முன்னே வந்தவன் அடையாளத்தை ஒட்டினர். தமிழரும் இதனையே செய்தனர். மணத்தக்காளி போன்ற சிறுகனிச் செடிகளுக்கு உரியதாயிருந்த பெயரை எடுத்து, ஐரோப்பியர் வழி வந்த பெருங்கனியைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் சீமை உதிர்ந்தது. இன்று வெறுமனே தக்காளி என்றால் வந்த கனிதான். இருந்த செடி 'மண' என்னும் அடையோடு நிற்கிறது. ஆங்கிலேயரும் விலக்கல்லர். நம் நெல்லியை அவர்கள் 'இந்தியன் கூஸ்பெரி' என்றனர். அவர்கள் நாட்டுக் கூஸ்பெரிக்கும் நெல்லிக்கும் நெருங்கிய தாவர உறவு கிடையாது.

இப்பெயரீட்டில் அயற்பொருள் வீட்டுச் செடியின் பெயரை ஏற்றுக்கொண்டே உள்ளே வருகிறது. மரபுத்தொடர்கள் மொழி கடக்கும்போதும் இதுவே நிகழ்கிறது என்பதும், நம் வகுப்பறைகளில் அவை கற்பிக்கப்படும் முறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பதும் என் கருத்து.

சிங்கப்பூர், மலேசிய வகுப்பறைகளில் புழங்கும் துணைநூல்களிலும் ஆசிரியர்கள் தாமே படியெடுத்து வழங்கும் தாள்களிலும் இரு பத்திப் பட்டியல்களைக் காண்கிறோம். இடப்பக்கம் ஆங்கிலத் தொடர். வலப்பக்கம் அதற்கு 'நிகரான' தமிழ். விலங்குத் தொடர்கள், உடலுறுப்புத் தொடர்கள், தாவரத் தொடர்கள் என்று வகைப்படுத்தலும் உண்டு. ஆங்கிலம் முதல்மொழியாய் வளர்ந்த மாணவர்க்கு இப்பட்டியல் எளிதான படி என்று நம்பப்படுகிறது. 1987 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதல்மொழி என்பதால் இந்நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை. குறை பட்டியலின் உள்ளே இருக்கிறது.

முதலாவதாக, தாவரத் தொடர் என்று வகுக்கப்படுவனவற்றுள் பல தாவரத் தொடர்களே அல்ல. 'டர்ன் ஓவர் அ நியூ லீஃப்' என்பது தவறாமல் இவ்வகையில் இடம்பெறும். அங்குள்ள 'லீஃப்' மரத்து இலையன்று, நூலின் தாள். 'ஆப்பிள் ஆஃப் மை ஐ' என்பதில் ஆப்பிள் கனியைச் சுவைப்பார் எவருமில்லை. கண்ணின் பாவையை உருண்டைத் திடப்பொருளாகக் கருதிய காலத்தில் அதற்கு அப்பெயர் வழங்கிற்று. 'பீட் அபௌட் த புஷ்' பறவை வேட்டையில் பிறந்தது; புதரைச் சுற்றிலும் தட்டிப் பறவையைக் கிளப்புவதிலிருந்து வந்தது. வகைப்பாட்டை நம்பி 'புதிய இலையைத் திருப்பினான்' என்று எழுதும் மாணவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பட்டியல் அவருக்குக் கற்றுத்தந்தது அதுதானே!

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கு நல்லதொரு வாய்ப்பு நழுவுகிறது. ஆங்கிலத்தில் இலை தாளாயிற்று என்றால், தமிழில் ஏடு என்பது பூவின் இதழாகவும் பனையின் ஓலையாகவும் நூலாகவும் விரிந்தது. ஓலையும் மடலும் கடிதமாயின. இதழ் என்பது திங்கள்தோறும் வெளிவருவதாயிற்று; இக்கட்டுரையை வாசிப்போர் கையில் இருப்பதும் அப்பொருளில் ஓர் இதழே. 'புதிய ஏட்டைப் புரட்டினான்' என்று மொழிபெயர்த்தால் ஆங்கிலத்தின் தாளும் தமிழின் ஓலையும் ஒருங்கே கிடைக்கின்றன. கண்ணின் ஆப்பிளுக்கும் அவ்வாறே: கண்மணி என்பதிலும் உருண்டை உண்டு. பாவை என்னும் சொல்லோ சிறுபொம்மையைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலம் பெற்ற 'பியூப்பில்' என்பதோடு கருத்தளவில் ஒத்து நிற்கிறது. பட்டியலின் இரண்டாம் பத்தியில் 'மிகவும் நேசிக்கப்படுபவர்' என்று எழுதி முடித்துவிட்டால் இவை எல்லாம் எங்கே போகும்?

இரண்டாவது குறை சற்று ஆழமானது. ஒரு தொடரில் செடி இருப்பது அழகுக்காக என்றும், அதே செடியையோ ஒத்த செடியையோ மறுமொழியில் தேடிக் கொடுத்தால் தொடர் நிறைவாகிவிடும் என்றும் இப்பட்டியல்கள் எண்ணச் செய்கின்றன. மரபுத்தொடரில் செடியின் பெயரைவிட, மக்கள் அச்செடியோடு என்ன செய்தார்கள் என்பதே பொருளைத் தாங்குவது.

'நிப் இன் த பட்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத் தோட்டக்காரன் வேண்டாத மொட்டைக் கிள்ளி எறிகிறான்; அது மலர்வதைத் தடுக்கிறான். தமிழில் இதற்கு 'முளையிலேயே கிள்ளி எறி' என்கிறோம். மொட்டு எப்படி முளையாயிற்று? தமிழர் வாழ்வில் மொட்டைக் கிள்ளுதல் அழிவன்று, அறுவடை. மல்லிகை விடியற்காலையில் மொட்டாகவே பறிக்கப்பட்டு, மொட்டாகவே தொடுக்கப்பட்டு, மாலையில் கூந்தலில் மலர்கிறது. லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளில் முழம் போட்டு விற்கப்படுவதும் மொட்டே. மொட்டைக் கிள்ளுவதைத் தீமையை ஒடுக்கும் செயலாக நினைக்கத் தமிழ் மனம் எளிதில் இசையாது. மாறாக, முள்மரத்தை இளமையிலேயே களைய வேண்டும் என்னும் கருத்து திருக்குறளில் 'பகைத்திறந்தெரிதல்' அதிகாரத்திலேயே உள்ளது. முற்றிய முள்மரம் வெட்டுபவர் கையையே வருத்தும் என்பது அங்குள்ள காரணம். ஆகவே முளை என்னும் சொல் மொட்டுக்குப் பதிலாக வந்த ஒப்புக்குச் சொல் அன்று. களையெடுக்கும் உழவர் அனுபவம் தோட்டக்காரர் அனுபவத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது.

ஈசாப்பின் நரிக்கதையும் இத்தகையதே. ஆங்கிலத்தில் 'சவர் கிரேப்ஸ்' என்று திராட்சை அப்படியே நிற்கிறது. தமிழில் கதை சொல்லும்போது திராட்சை உண்டு. தொடராகும்போது 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று பழம் மட்டும் எஞ்சுகிறது. திராட்சைக் கொடி தமிழகத்தின் பெரும்பகுதியில் அன்றாடக் காட்சியாய் இருந்ததில்லை. எட்டாததை இகழும் மனநிலையோ எங்கும் உண்டு. அத்தோடு ஆங்கிலத் தொடரில் இல்லாத ஒன்று தமிழில் சேர்ந்திருக்கிறது: அந்தச் 'சீச்சீ'. நரியின் குரலே தொடருக்குள் வந்துவிட்டது.

ஆங்கிலத்திலிருந்து வந்தவற்றில் மட்டும் இந்நிலை என்று கருத வேண்டா. வேதாளக் கதைகளைக் கூறும் சோமதேவரின் கதாசரித்சாகரத்தில், 11ஆம் நூற்றாண்டில், வேதாளம் தொங்கும் மரம் சிம்சபா. தமிழ் விக்கிரமாதித்தன் கதையிலோ வேதாளம் முருங்கை மரம் ஏறிற்று. 'வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறியது' என்பது இன்றும் நாள்தோறும் நம் வாயில் வழங்குகிறது. கிளை எளிதில் முறியும் மரம் என்பதால் முருங்கையில் ஏற அஞ்சும் மக்கள், ஏறுவதற்கு வேதாளத்தையே அனுப்பினர் போலும். சிம்சபாவை விடாமல் பிடித்திருந்தால் கதை மிஞ்சியிருக்கும், தொடர் பிறந்திருக்காது.

செடி ஒன்றாகவே இருந்தாலும் தொடர் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்குக் கடுகு நல்ல சான்று. விவிலியத்தில் கடுகு சிறுவிதையிலிருந்து பெருமரமாகும் வளர்ச்சியின் அடையாளம். தமிழ்ப் பழமொழியில் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதது. அது வளர வேண்டியதில்லை, சிறியதாகவே இருந்து தன் வலிமையைக் காட்டும். இரண்டையும் ஒரே வரியில் நிகரென எழுதும் தாளைக் கண்டால் வியப்பாக இருக்கிறது. அதுபோலவே 'கூல் அஸ் அ கியூகம்பர்'. ஆங்கிலத்தில் குளிர்ச்சி பதற்றமின்மை. 'மனம் குளிர்ந்தது' என்றால் தமிழில் மகிழ்ந்தது என்று பொருள். 'வெள்ளரிக்காய் போல் குளிர்ந்திருந்தான்' என்று எழுதினால், கலங்காமல் இருந்தவன் மகிழ்ந்திருந்தவனாகிவிடுவான்.

அயற்செடி அயற்செடியாகவே வந்து தங்கியதும் உண்டு. இதனை மறைப்பது நேர்மையாகாது. 'ஒலிவக் கிளை நீட்டுதல்' என்பது விவிலியத் தமிழின் கொடை. 1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சானதிலிருந்து ஒலிவம் ஒரு நூலின் துணையோடு வந்தது. வாசிக்கும் சமூகம் ஒன்று அதற்கு இருந்தது. அத்துணை இல்லாத 'ரோஜாப் படுக்கை' நாளிதழ்த் தலைப்புகளில் அடிக்கடி தலைகாட்டினாலும் பேச்சில் இன்னும் இறங்கவில்லை. அரசியல் வாழ்வு ரோஜாப் படுக்கையன்று என்று எழுதுவோர், வீட்டில் தம் பிள்ளையிடம் அவ்வாறு சொல்வார்களா என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்குக் கோட்பாடு குறித்து ஒரு சொல். லேக்காஃபும் டர்னரும் 1989இல் எழுதிய நூலில் 'மனிதர் தாவரங்கள்' என்னும் அடிப்படை உருவகத்தை விளக்கினர். தளிர்த்தல், பூத்தல், வாடுதல், உதிர்தல் ஆகியவை பல மொழிகளில் மனிதர்க்கு வழங்குவதற்கு அது தரும் விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆயின் அவ்விளக்கம் பொதுமையைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. எந்தத் தாவரம் என்று கேட்பதில்லை. ஆங்கிலேயர் தம் மரபை மரமாக வரைந்தனர்: ஓர் அடிமரம், பல கிளைகள், அனைத்தும் என்றும் ஒன்றில் ஒட்டி நிற்பன. தமிழர் கொடிவழி என்றனர். வாழையடி வாழை என்றனர். வாழையில் தாய் குலை தள்ளி ஓய்ந்தபின் பக்கக்கன்று அதன் இடத்தில் நிற்கிறது. அங்குக் கிளை இல்லை, வழிவழி வருதல் உண்டு. தொடக்கப்பள்ளிகளில் 'குடும்ப மரம் வரைக' என்று பயிற்சி தரும்போது கொடிவழி என்னும் சொல் ஒருமுறையேனும் ஒலிப்பின், ஒரு குடும்பத்தை எப்படியெல்லாம் நினைக்கலாம் என்பது மாணவர்க்குத் தெரியவரும். தொல்காப்பியம் மலரால் நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயரிட்ட இலக்கணம். அதனைப் பாடஞ்சொல்லும் நாம் எந்தத் தாவரம் என்னும் கேள்வியை மேலைக் கோட்பாட்டாளர்க்குக் கற்றுத்தரும் நிலையில் இருக்கிறோம்.

இனி, இந்தத் தீவின் செடிகளுக்கு வருவோம். 'ஷ்ரிங்கிங் வயலட்' என்பது கூச்சமுள்ளவரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர். இதற்குச் சிலர் தொட்டாற்சிணுங்கியை நிகராக்குவர். வயலட் மலர் மறைவில் பூப்பது, ஒதுங்கியிருப்பவர்க்கு உவமை. தொட்டாற்சிணுங்கி என்று தமிழர் ஒருவரைச் சொன்னால், பெரும்பான்மை வழக்கில் அவர் சிறு சொல்லுக்கும் முகம் வாடி அழுபவர். ஆகவே நிகராக்கம் பிழை என்று முடித்துவிடலாம். ஆனால் சிங்கப்பூரில் இது அவ்வளவு எளிதன்று. அடுக்குமாடிகளுக்கு இடையே உள்ள புல்வெளிகளில் இச்செடி தானே முளைக்கிறது. மலாய் மொழியில் இதன் பெயர் 'செமாலு'. உள்ளே இருக்கும் 'மாலு' வெட்கம். சீனத்திலும் இது நாணும் புல். 1753இல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ் 'புடிகா' என்னும் அடையில் நாணத்தையே வைத்தார். இத்தனை பேரும் நாணத்தைக் கண்ட இடத்தில் தமிழர் மட்டும் சிணுங்கலைக் கண்டனர். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இச்செடி தமிழில் ஒரு மனித இயல்பின் பெயராகவே ஊன்றிவிட்டதை நோக்க, வந்த செடியும் தொடராகும் என்பது புலனாகும். அதற்குச் செடி காலடியில் இருக்க வேண்டும்.

ஆங் மோ கியோவில் வளரும் மாணவர் ஒருவர், மலாய்த் தோழியிடம் செமாலு என்று கேட்டறிந்து, 'தொட்டாற்சிணுங்கியைப் போல் நாணி நின்றாள்' என்று கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பட்டியல்படி சிவப்பு மை இட வேண்டும். நான் இடமாட்டேன். தான் பார்த்த செடியை, தன்னைச் சூழ்ந்த மொழிகளின் கண்ணாலும் பார்த்து, தமிழில் எழுதியிருக்கிறார் அவர். 'சுருங்கும் வயலட்டைப் போல' என்று எழுதியவர் எந்தச் செடியையும் பார்க்கவில்லை. முன்னதற்கு முழு மதிப்பெண்ணும், பின்னதற்கு வகுப்பில் ஓர் உரையாடலும் தகும். தமிழகத்து வழக்கினின்று விலகியதெல்லாம் பிழை என்னும் அளவுகோலைத் தேர்வுத்தாள் திருத்தும்போது கையில் எடுக்கும் நாம், வகுப்பறைக்கு வெளியே சிங்கப்பூர்த் தமிழ் தனித்தன்மை உடையது என்று பேசுவது பொருந்தாது.

இவ்வுரிமை புதிதுமன்று. 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த ரப்பர்ச் செடிகளை, 1888இல் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி பெருந்தோட்டப் பயிராக்கினார். மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செப்பம் செய்தவரும் அவரே. அம்மரத்தைத் தமிழ்த் தொழிலாளர் பால்மரம் என்றனர். எருக்கிலும் கள்ளியிலும் வடிவதைப் பால் என்று அழைத்துப் பழகியவர்கள், அயல்மரத்தையும் அச்சொல்லுக்குள் அழைத்துக்கொண்டனர். தோட்டப்புறத் தமிழில் 'மரம் வெட்டப் போகிறேன்' என்றால் மரத்தைச் சாய்ப்பதன்று. விடியுமுன் எழுந்து பட்டையைச் சீவி, மரத்தை உயிரோடு வைத்து, மறுநாளும் அதே மரத்திடம் போவது. தமிழகத்து வாசகர் இத்தொடரைத் தவறாகவே புரிந்துகொள்வர். அதனால் அது தவறான தமிழாகிவிடுமா? அகிலன் தம் மலேசிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று தலைப்பிட்டபோது, தொழிலாளர் படைத்த சொல்லையே எடுத்துக்கொண்டார்.

பழந்தமிழ்த் தொடர் ஒன்று இத்தீவில் வேரோடு நிற்பதையும் சொல்ல வேண்டும். நாளிதழ் விளையாட்டுப் பக்கத்தில் வென்றவர் வாகை சூடுகிறார். ஆங்கில இதழில் அவர்க்கு உரியது 'லாரல்'. கிரேக்க, உரோமானிய முடிமாலை ஒருபுறம்; பாலைக்குப் புறனாகத் தொல்காப்பியம் வைத்த வாகைத்திணை மறுபுறம். செடி வேறு, செயல் ஒன்று. பட்டியலில் எழுதத்தக்க நிகர் இதுதான். ஆயினும் எல்லை உண்டு: ஆங்கிலத்தில் பெற்ற 'லாரல்'மீது சாய்ந்து ஓய்வெடுக்கலாம், தமிழில் வாகைமீது சாய முடியாது, வாகை தலையில் சூடுவதற்கு மட்டுமே.

வாகையை மாணவர் பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதன் நெருங்கிய உறவுமரத்தின் நிழலில்தான் அவர்கள் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கும் அம்மரம் 1876இல் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது. தாவரவியலாளர் சிலர் வாகையின் பேரினத்திலேயே அதனைச் சேர்ப்பர். ஆங்கிலேயர் அதனை மழைமரம் என்றனர். மாலையில் இலை மூடும் வேளையைக் கொண்டு மலாய்க்காரர் 'புக்குல் லீமா', அதாவது ஐந்துமணி மரம், என்றனர். தமிழில் அது தூங்குமூஞ்சி மரம். மழை, மணி, முகம் என்று ஒரு மரத்தை மூன்று மொழிகள் மூன்று விதமாகக் கண்ட செய்தியை விளக்கப் பட்டியல் தேவையில்லை. பிற்பகல் வகுப்பு முடிந்ததும் மாணவரை வெளியே அழைத்துச் சென்று சற்று நேரம் காத்திருந்தால் போதும். இலைகள் மூடத் தொடங்கிவிடும்.